வென்றவர்களுக்குள் ஏன் அத்தனை சண்டை? 1919 பாரிஸ் சமாதான மாநாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 18 அன்று பாரிஸில் சமாதான மாநாடு கூடியது. ஜூன் 28 அன்று வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மனி கையெழுத்திட்டது. இடைப்பட்ட ஐந்து மாதங்களைப் பலரும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள்: உடன்படிக்கை கடுமையாக இருந்தது, அதனால் ஹிட்லர் வந்தார். இந்த விளக்கம் போதாது என்பது என் உறுதியான எண்ணம். தோற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதோடு, வென்றவர்கள் தங்களுக்குள் எதை விட்டுக்கொடுத்தார்கள், யாருடைய வாக்கை நம்பி விட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் பார்த்தால்தான் அந்த மாநாடு விளங்கும். கீழே உள்ள பதில்கள் அந்தக் கோணத்தில் எழுதப்பட்டவை.

மாநாட்டில் உண்மையில் முடிவெடுத்தவர்கள் யார்?

இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகள் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தன. முழு மாநாடு கூடியது சில தடவைகள்தான். தொடக்கத்தில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து நாட்டுக்கு இருவர் என்று பத்துப் பேர் கொண்ட குழு இருந்தது. வேலை நகரவில்லை, செய்திகளும் கசிந்தன. மார்ச் மாதக் கடைசியில் அது நால்வர் குழுவாகச் சுருங்கியது: அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், பிரெஞ்சுப் பிரதமர் ஜார்ஜ் கிளெமென்சோ, பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் லாயிட் ஜார்ஜ், இத்தாலியப் பிரதமர் விட்டோரியோ ஆர்லண்டோ.

இவர்கள் பெரும்பாலும் வில்சன் தங்கியிருந்த வீட்டிலேயே கூடினார்கள். உடன் இருந்தவர்கள் மிகச் சிலர். மொழிபெயர்ப்பாளர் பால் மாந்தூ அவர்களில் ஒருவர். பிரிட்டனின் மாரிஸ் ஹாங்கி பிறகு குறிப்பெடுக்க வந்து சேர்ந்தார். கிளெமென்சோ இளம் வயதில் அமெரிக்காவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர், அமெரிக்கப் பெண்ணை மணந்தவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுவார். எனவே மூவரும் நேருக்கு நேர் ஆங்கிலத்திலேயே வாதாடிக்கொண்டார்கள். ஆர்லண்டோவுக்கு ஆங்கிலம் வராது. அந்த அறையில் அவர் ஒதுங்கி நின்றதற்கு அரசியலோடு இந்தச் சாதாரணக் காரணமும் உண்டு. பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, தலைவர்கள் மண்டியிட்டு எல்லைக் கோடுகளைப் பார்த்த காட்சியை உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பல லட்சம் மனிதர்கள் எந்த நாட்டுக் குடிகள் என்பது அப்படித்தான் முடிவாயிற்று.

கிளெமென்சோ எதைக் கேட்டார்? பழிவாங்கத்தான் வந்தாரா?

பழிவாங்கும் உணர்ச்சி அவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. 1870-71 போரில் ஜெர்மானியர்கள் பாரிஸை முற்றுகையிட்டபோது அவர் நகரின் மோன்மார்த்ர் பகுதி மேயர். அல்சேஸ், லொரைன் பகுதிகளைப் பறிகொடுத்த 1871 சமாதானத்தை எதிர்த்த பிரெஞ்சு மக்கள் பிரதிநிதிகளில் ஒருவர். பாரிஸ் மாநாட்டின்போது அவருக்கு வயது 77. பிப்ரவரி 19 அன்று ஒருவன் அவரது காரை நோக்கிச் சுட்டான். உடலில் தங்கிவிட்ட ஒரு குண்டோடு இரண்டு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பினார்.

ஆனால் அவருடைய கோரிக்கைகளின் அடியில் இருந்தது கணக்கு. பிரான்ஸின் மக்கள்தொகை சுமார் 4 கோடி, ஜெர்மனிக்கு 6 கோடிக்கு மேல். பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்திருந்தது. போர் நடந்தது பிரெஞ்சு மண்ணில். பின்வாங்கிய ஜெர்மன் படைகள் வட பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களை நாசப்படுத்திவிட்டுப் போயின. ஜெர்மனியின் தொழிற்சாலைகளோ அப்படியே நின்றன. 1914-க்கு முன் ஜெர்மனியின் முதுகுக்குப் பின்னால் ரஷ்யா பிரான்ஸின் கூட்டாளியாக இருந்தது. புரட்சிக்குப் பிறகு அந்த ரஷ்யாவும் இல்லை. அடுத்த தடவை ஜெர்மனி வந்தால் யார் துணை? இந்த ஒரே கேள்விக்குப் பதில் தேடித்தான் அவர் அந்த ஐந்து மாதமும் போராடினார்.

வில்சனின் நோக்கம் என்ன?

1918 ஜனவரி 8 அன்று அவர் அறிவித்த பதினான்கு அம்சத் திட்டம் ஐரோப்பா முழுவதும் நம்பிக்கையைக் கிளப்பியிருந்தது. இரகசிய ஒப்பந்தங்கள் கூடாது, மக்கள் விருப்பத்தை மதித்து எல்லைகளை வரைய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாடுகளின் பூசல்களைத் தீர்க்கப் பன்னாட்டுச் சங்கம் ஒன்று வேண்டும் என்றார். எல்லைகளில் பிழை நேர்ந்தால் பின்னால் சங்கம் திருத்திக்கொள்ளும் என்பது அவரது ஆழ்ந்த நம்பிக்கை. அதனால்தான் சங்கத்தைக் காப்பாற்ற மற்றவற்றில் விட்டுக்கொடுக்க அவர் தயாரானார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் இதை வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள்.

அவருக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. 1918 நவம்பர் தேர்தலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கைக்குப் போய்விட்டன. உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அப்படியிருந்தும் முக்கியமான குடியரசுக் கட்சித் தலைவர் ஒருவரைக்கூட அவர் பாரிஸுக்கு அழைத்துவரவில்லை. 1919 மார்ச் தொடக்கத்தில், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான செனட்டர்கள் சங்கத்தின் அமைப்பை இப்படியே ஏற்க மாட்டோம் என்று பகிரங்கமாகக் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் அந்நியர் தலையிடக் கூடாது என்ற மன்ரோ கோட்பாட்டுக்குச் சங்க விதிகளில் விலக்கு வேண்டும் என்று அதன்பின் அவர் மற்றவர்களிடம் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. சலுகை கேட்டு வந்தவரால் அடுத்தவர் கேட்கும் சலுகையை எப்படி மறுக்க முடியும்?

லாயிட் ஜார்ஜ் நடுவராக இருந்தார் என்கிறார்களே, சரிதானா?

பாதிதான் சரி. பிரிட்டனுக்கு வேண்டியதில் பெரும்பகுதி மாநாடு தொடங்குமுன்பே கைக்கு வந்துவிட்டது. ஜெர்மன் போர்க்கப்பல்கள் 1918 நவம்பரிலேயே ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் சிறைப்பட்டுக் கிடந்தன. ஜெர்மன் காலனிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பேரரசு, ஜப்பான், பிரான்ஸ் படைகளின் வசம் இருந்தன. இனிமேல் அவருக்கு வேண்டியது பிரிட்டிஷ் சரக்குகளை வாங்கக்கூடிய, கம்யூனிசத்தின் பக்கம் சாயாத ஒரு ஜெர்மனி. மார்ச் 25 தேதியிட்ட ஃபோன்டேன்ப்ளோ குறிப்பில் அவர் இதை விரிவாகவே எழுதினார்: ஜெர்மானியர்களை அந்நிய ஆட்சிகளின் கீழ் அதிகமாகத் தள்ளினால் அடுத்த போருக்கு அதுவே காரணமாகும்.

கிளெமென்சோவின் பதில் கூர்மையானது. ஜெர்மனியைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் காலனிகளிலும் கடற்படையிலும் வணிகத்திலும் விட்டுக்கொடுத்துத் தொடங்கலாமே, ஏன் எல்லாச் சலுகையும் கண்டத்து நாடுகளின் செலவிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டார். இதற்கு லாயிட் ஜார்ஜிடம் நல்ல பதில் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அவருக்கு உள்நாட்டில் வேறொரு நெருக்கடி. 1918 டிசம்பர் தேர்தலில் ஜெர்மனியைப் பணம் கட்டவைப்போம் என்ற முழக்கம் ஓங்கி ஒலித்தது, அவரது அணி பெரும் வெற்றி பெற்றது. பாரிஸில் மனம் இளகுகிறார் என்று செய்தி வந்ததும், ஏப்ரலில் இருநூறுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் வாக்குறுதியை நினைவூட்டி அவருக்குத் தந்தி அடித்தார்கள்.

ரைன் நதி விவகாரம்தான் முக்கியமான பேரம் என்கிறார்கள். அது என்ன?

முழு மாநாட்டையும் ஒரே ஒரு பேரத்தை வைத்து விளக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ரைன் நதிக்கு மேற்கே உள்ள ஜெர்மன் நிலப்பரப்பை (ரைன்லாந்து) ஜெர்மனியிலிருந்து பிரித்து, நதிப் பாலங்களை நேச நாட்டுப் படைகள் நிரந்தரமாகக் காக்க வேண்டும் என்பது பிரெஞ்சுத் தளபதி ஃபோஷின் கோரிக்கை. கிளெமென்சோவும் அதையே முன்வைத்தார். ஜெர்மன் படை பிரான்ஸுக்குள் மறுபடியும் நுழையாமல் தடுக்க இயற்கை தந்த ஒரே அகழி அது. வில்சனும் லாயிட் ஜார்ஜும் முடியவே முடியாது என்றார்கள். அங்கே வாழ்பவர்கள் ஜெர்மானியர்கள். அவர்களைப் பிடுங்கி எடுத்தால் திசைமாறிய இன்னொரு அல்சேஸ்-லொரைன் உருவாகும்.

அமெரிக்கா போய்த் திரும்பிய வில்சன் பாரிஸில் வந்திறங்கிய நாள் மார்ச் 14. அன்றே அவரும் லாயிட் ஜார்ஜும் கிளெமென்சோவிடம் புதிய யோசனை ஒன்றை வைத்தார்கள். நீங்கள் ரைன்லாந்தைப் பிரிக்கும் கோரிக்கையைக் கைவிடுங்கள். ஜெர்மனி தாக்கினால் அமெரிக்காவும் பிரிட்டனும் உடனே உதவிக்கு வருவோம் என்று எழுத்தில் உறுதி தருகிறோம். பிரெஞ்சு வரலாற்றில் இப்படி ஒரு வாய்ப்பு அதுவரை வந்ததில்லை. கிளெமென்சோ யோசித்தார். ஃபோஷ் கடுமையாக எதிர்த்தார். ஆற்றைவிடக் கூட்டாளிகள் மேல் என்ற முடிவுக்குக் கிளெமென்சோ வந்தார். ஆனாலும் கூடவே பாதுகாப்புகளைக் கேட்டு வாங்கினார்: ரைன்லாந்தில் நேச நாட்டுப் படைகள் 15 ஆண்டு தங்கியிருக்கும், ஐந்தாண்டுக்கு ஒரு பகுதியாக விலகும்; நதியின் மேற்குக் கரையிலும், கிழக்கே 50 கிலோமீட்டர் வரையிலும் ஜெர்மன் படையோ கோட்டையோ இருக்கக் கூடாது.

உறுதிமொழி ஒப்பந்தங்கள் ஜூன் 28 அன்றே கையெழுத்தாயின. பிரிட்டிஷ் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: அமெரிக்க ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் மட்டுமே இதுவும் நடைமுறைக்கு வரும். அமெரிக்க செனட் அந்த ஒப்பந்தத்தை விவாதத்துக்கே எடுக்கவில்லை. எனவே பிரிட்டனின் வாக்கும் காலாவதியானது. பிரான்ஸ் ரைன் நதியை விட்டுக்கொடுத்தது கொடுத்ததுதான். அதற்கு ஈடாக வாங்கியது காகிதத்தில் நின்றுவிட்டது.

கோபத்தில் வெளிநடப்பு, மிரட்டல் எல்லாம் நடந்ததாமே?

நடந்தது. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஜெர்மனியின் சார் நிலக்கரிப் பகுதியைப் பிரான்ஸ் கேட்டபோது வில்சன் மறுத்தார். மார்ச் 28 அன்று கிளெமென்சோ, வில்சன் ஜெர்மனிக்காகப் பேசுகிறார் என்று குற்றஞ்சாட்டி அறையைவிட்டு வெளியேறினார். ஏப்ரல் 3 அன்று வில்சன் நோயில் விழுந்தார். 7-ஆம் தேதி, தன்னை அழைத்துவந்த ஜார்ஜ் வாஷிங்டன் கப்பலைத் தயாராக வைக்கச் சொல்லி உத்தரவிட்டார். ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்ற எச்சரிக்கை அது. கடைசியில் சுரங்கங்கள் பிரான்ஸுக்கு, நிர்வாகம் 15 ஆண்டுக்குப் பன்னாட்டுச் சங்கத்துக்கு, அதன்பின் மக்கள் வாக்கெடுப்பு என்று தீர்ந்தது. 1935-ல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 90 சதவீதம் பேர் ஜெர்மனியோடு சேரவே வாக்களித்தார்கள்.

இழப்பீட்டுத் தொகையில் ஏன் அவ்வளவு குழப்பம்?

சண்டை நிறுத்தத்துக்கு முன்பே நேச நாடுகள் ஜெர்மனிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தன: குடிமக்களுக்கும் அவர்களது சொத்துக்கும் நேர்ந்த சேதத்துக்குத்தான் ஈடு கேட்போம். முழுப் போர்ச் செலவையும் கேட்பதற்கு வில்சன் உடன்படவில்லை. இந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டால் பணத்தில் பெரும்பங்கு பிரான்ஸுக்கும் பெல்ஜியத்துக்கும் போகும். பிரிட்டனுக்கு மூழ்கிய வணிகக் கப்பல்களுக்கும் குண்டுவீச்சுச் சேதத்துக்கும் மட்டுமே கிடைக்கும். லாயிட் ஜார்ஜ் தன் வாக்காளர்களிடமும், ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைப் பலிகொடுத்த ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிடமும் என்ன சொல்வார்?

வழி கண்டுபிடித்தவர் தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ். பொதுவாக மிதவாதி என்று பெயர் எடுத்தவர். போர்வீரன் சண்டை முடிந்து திரும்பினால் குடிமகன்தான். அவனது விதவையும் குழந்தைகளும் எப்போதுமே குடிமக்கள்தான். எனவே ராணுவ ஓய்வூதியங்களும் குடும்பங்களுக்குத் தந்த உதவித்தொகைகளும் குடிமக்களின் சேதமே என்று அவர் குறிப்பு எழுதிக்கொடுத்தார். தன் சட்ட ஆலோசகர்களின் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு ஏப்ரல் 1 அன்று வில்சன் இதை ஏற்றார். கோரிக்கைத் தொகை பெருமளவு வீங்கியது. ஆனால் ஜெர்மனியால் கட்ட முடிந்த பணம் கூடவில்லை. அதைப் பங்கிடும் விகிதம்தான் பிரிட்டனுக்குச் சாதகமாக மாறியது. 1920-ல் ஸ்பா நகரில் பங்கு பிரித்தபோது பிரான்ஸுக்கு 52 சதவீதம், பிரிட்டிஷ் பேரரசுக்கு 22 சதவீதம் என்றாயிற்று.

மொத்தத் தொகை எவ்வளவு என்று உடன்படிக்கையில் எழுதவே இல்லை. எந்தத் தொகையை எழுதினாலும் லண்டனிலும் பாரிஸிலும் போதாது என்பார்கள், பெர்லினில் தாங்காது என்பார்கள். ஆகவே 1921 மே 1-க்குள் ஒரு ஆணையம் முடிவு செய்யட்டும் என்று தள்ளிவைத்தார்கள். ஜெர்மானியர்கள் தொகை எழுதாத கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. 1921-ல் ஆணையம் சொன்ன எண் 13,200 கோடி தங்க மார்க். அதிலும் 5,000 கோடிதான் உண்மையில் வசூலாகும் என்று எதிர்பார்த்த பகுதி. மீதி, வென்ற நாடுகளின் மக்கள் மனத்தை ஆற்ற எழுதிய எண்.

இன்னொரு முடிச்சும் உண்டு. பிரான்ஸ் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் பெரும் போர்க்கடன் பட்டிருந்தது. அதைத் தள்ளுபடி செய்ய அமெரிக்கா ஒப்பவில்லை. கடன் குறையவில்லை என்றால் ஜெர்மனியிடம் கேட்பதும் குறையாது. கிளெமென்சோவின் பேராசை என்று இதைச் சொல்பவர்கள், வாஷிங்டன் கேட்ட வட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போர்க் குற்றப் பிரிவு எனப்படும் 231-வது பிரிவை யார் எழுதினார்கள்?

நார்மன் டேவிஸ், ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் என்ற இரண்டு இளம் அமெரிக்கர்கள். இது ஒரு சமரச வாசகம். எல்லா இழப்புக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று 231 சொல்கிறது. அவ்வளவையும் ஈடுசெய்ய ஜெர்மனியிடம் வசதி போதாது என்று அடுத்த பிரிவான 232 ஒப்புக்கொள்கிறது. முதல் பிரிவு பிரிட்டிஷ், பிரெஞ்சு வாக்காளர்களுக்கு, இரண்டாவது ஜெர்மனியின் கஜானாவைக் காப்பாற்ற. ஜெர்மனியில் முதல் பிரிவைத்தான் படித்தார்கள். அதை மானத்துக்கு வந்த இழுக்காக எடுத்துக்கொண்டார்கள். கூட்டாளிகளுக்குள் இருந்த இழுபறியை மூடிமறைக்க எழுதிய வாசகம் எதிரியின் கையில் ஆயுதமாயிற்று.

இத்தாலி ஏன் பாதியில் எழுந்து போனது?

1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் போட்ட இரகசிய ஒப்பந்தத்தின்படி, போரில் சேர்ந்தால் தென் டிரோல், டிரியெஸ்ட், இஸ்திரியா, டால்மேஷியாவின் ஒரு பகுதி தருவதாக பிரிட்டனும் பிரான்ஸும் இத்தாலிக்கு வாக்களித்திருந்தன. பாரிஸில் இத்தாலியர்கள் அந்த ஒப்பந்தத்தையும் கேட்டார்கள், அதில் இல்லாத ஃபியூமே துறைமுகத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். ஒன்றுக்குச் சட்டம், இன்னொன்றுக்கு மக்கள் விருப்பம் என்று இரண்டு நியாயங்கள். ஃபியூமே கிடையாது என்று வில்சன் ஏப்ரல் 23 அன்று இத்தாலிய மக்களை நோக்கி நேரடி அறிக்கை விட்டார். மறுநாள் ஆர்லண்டோ ரோமுக்குக் கிளம்பிவிட்டார். பேச்சுவார்த்தையின் நடுவே அவர் கண்ணீர் விட்டதும் உண்டு.

மே தொடக்கத்தில் திரும்பிவந்தபோது ஜெர்மன் உடன்படிக்கை அவர்கள் இல்லாமலேயே தயாராகிவிட்டிருந்தது. ஜூனில் ஆர்லண்டோவின் பதவி பறிபோனது. செப்டம்பரில் கவிஞர் டானுன்சியோ தன்னார்வப் படையோடு ஃபியூமேவைக் கைப்பற்றினார். வென்ற நாடு தோற்ற நாட்டின் மனநிலையோடு வீடு திரும்பியதை முசோலினி பயன்படுத்திக்கொண்டார்.

ஜப்பானும் சீனாவும் ஒரே அணியில்தானே இருந்தன?

இருந்தன. அதுவே சங்கடம். ஜெர்மனி வசமிருந்த சீனாவின் ஷாண்டோங் உரிமைகளை ஜப்பான் கைப்பற்றியிருந்தது. சீனா சுமார் 1.4 லட்சம் தொழிலாளர்களைப் போர்முனை வேலைகளுக்கு அனுப்பியிருந்தது. தன் மண்ணைத் திரும்பக் கேட்டது.

ஜப்பான் இன்னொன்றும் கேட்டது: பன்னாட்டுச் சங்க விதிகளில் நாடுகளின் சமத்துவத்தையும் அவற்றின் குடிமக்களை நியாயமாக நடத்துவதையும் ஏற்கும் ஒரு வரி. இன அடிப்படையில் குடியேற்றத்தைத் தடுத்துவந்த ஆஸ்திரேலியாவின் பிரதமர் பில்லி ஹியூஸ் ஒரே பிடியாக எதிர்த்தார். ஏப்ரல் 11 அன்று வாக்கெடுப்பில் 17-ல் 11 பேர் ஆதரித்தார்கள். ஒருமனதாக இல்லை என்று காரணம் காட்டி, தலைமை வகித்த வில்சன் அதை நிராகரித்தார். மற்ற சில தீர்மானங்களுக்குப் பெரும்பான்மையே போதும் என்றிருந்தது. இந்த ஒரு முடிவை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

சமத்துவ வரியை மறுத்த கையோடு ஷாண்டோங்கையும் மறுத்தால் ஜப்பான் சங்கத்தில் சேராது என்ற பயம் வந்தது. ஏப்ரல் 30 அன்று ஷாண்டோங் ஜப்பானுக்கே என்று முடிவானது. மே 4 அன்று பெய்ஜிங்கில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சீனா உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஜப்பானியருக்கு மறுத்த நியாயத்தின் விலையைச் சீனர்கள் கட்டினார்கள்.

இந்தியா அங்கே இருந்ததா?

இருந்தது, கையெழுத்தும் இட்டது. பிரிட்டிஷ் அரசின் இந்தியா அமைச்சர் எட்வின் மாண்டேகு, பிகானேர் மகாராஜா கங்கா சிங் இருவரும் இந்தியா சார்பில் ஒப்பமிட்டார்கள். எஸ்.பி. சின்ஹாவும் பிரதிநிதியாகப் போயிருந்தார். 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து அந்தப் போரில் பணியாற்றினார்கள். போர் நம் கரைக்கே வந்ததும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது.

ஆனால் இந்தியப் பிரதிநிதிகளை அனுப்பியது லண்டன். காங்கிரஸ் தேர்ந்தெடுத்த திலகருக்குப் பாரிஸ் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. நால்வர் குழு சார் சுரங்கங்களைப் பற்றியும் ஓய்வூதியங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த அதே ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுயநிர்ணயம் என்ற சொல்லைக் கேட்டு நம்பிக்கை வைத்த எகிப்தியர்கள், வியட்நாமியர்கள், கொரியர்கள் எல்லோருக்கும் அந்த வசந்தம் இப்படித்தான் கழிந்தது. வென்றவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிடாத ஒரே விஷயம் தங்கள் பேரரசுகளைத் தொடக்கூடாது என்பதுதான்.

ஜெர்மன் காலனிகள் என்ன ஆயின?

நேரடியாக இணைத்துக்கொள்வதை வில்சன் எதிர்த்தார். ஆஸ்திரேலியா நியூகினியை விட மறுத்தது, தென்னாப்பிரிக்கா தென்மேற்கு ஆப்பிரிக்காவை விட மறுத்தது. சங்கத்தின் சார்பில் நிர்வகிப்பதாகச் சொல்லும் மேண்டேட் முறை சமரசமாக வந்தது. மூன்று வகை மேண்டேட்டுகளில், இந்த இரண்டும் அடங்கிய கடைசி வகையில் ஆள்பவரின் சொந்தச் சட்டமே செல்லும். பெயர் மாறியது, ஆட்சி மாறவில்லை.

ஜெர்மனியோடு ஏன் பேச்சுவார்த்தையே நடத்தவில்லை?

இதைத் திட்டமிட்ட அவமதிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. நடந்தது வேறு. முதலில் நேச நாடுகள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரும், பிறகு ஜெர்மனியையும் அழைத்துப் பெரிய மாநாடு கூட்டும் என்பதே தொடக்க எண்ணம். தங்களுக்குள் பேசி முடிக்கவே மே மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பிரிவும் மற்றொன்றில் முட்டுக்கொடுத்து நின்றது. ஜெர்மனி சார் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரைன்லாந்து பேரம் அவிழும். ரைன்லாந்து அவிழ்ந்தால் இழப்பீடு அவிழும். நண்பர்களுக்குள் மறுபடியும் சண்டை வரும் என்ற பயமே கதவை அடைத்தது.

மே 7 அன்று ஜெர்மன் தூதுக்குழுவிடம் உடன்படிக்கை வரைவு கொடுக்கப்பட்டது. எழுத்தில் மட்டுமே கருத்துச் சொல்லலாம். குழுத் தலைவர் பிராக்டார்ஃப்-ரான்ட்சாவ் உட்கார்ந்தபடியே பதிலுரை படித்தது எல்லோரையும் எரிச்சலூட்டியது. ஜூனில் லாயிட் ஜார்ஜ் மனம் மாறிப் பல பிரிவுகளைத் தளர்த்தலாம் என்றார். இத்தனை காலம் கழித்தா என்று வில்சன் சலித்துக்கொண்டார். போலந்துக்குத் தருவதாக இருந்த மேல் சைலீசியாவுக்கு மக்கள் வாக்கெடுப்பு என்ற மாற்றம் அப்போது வந்தது. வேறு பெரிய மாற்றம் இல்லை. ஜூன் 20 அன்று ஜெர்மனியின் ஷைடமான் அரசு கையெழுத்திட மறுத்துப் பதவி விலகியது. மறுநாள் ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மன் மாலுமிகள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். புதிய அரசின் ஹெர்மன் முல்லரும் யோஹன்னஸ் பெல்லும் வந்து கையெழுத்திட்டார்கள்.

அப்படியானால் உடன்படிக்கை அளவுக்கு மீறிக் கடுமையானதுதானா?

ஜெர்மனி ஐரோப்பாவில் தன் நிலப்பரப்பில் சுமார் 13 சதவீதத்தையும் மக்களில் சுமார் 10 சதவீதத்தையும் இழந்தது. படை ஒரு லட்சமாகக் குறைக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்கில் போட்ட ஒப்பந்தத்தில் ஜெர்மனி ரஷ்யாவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்தது. 1871-ல் பிரான்ஸ் 500 கோடி பிராங்க் கட்டியது. கட்டி முடிக்கும்வரை ஜெர்மன் படை பிரெஞ்சு மண்ணில் இருந்தது.

என் கருத்தில் கடுமையா மென்மையா என்ற கேள்வி தவறான இடத்தில் நிற்கிறது. அவமானம் உறுத்தும் அளவுக்குக் கடுமை இருந்தது. ஆனால் ஜெர்மனி ஒன்றாகவே இருந்தது, தொழில் வலிமையோடு இருந்தது, அதன் கிழக்கே பேரரசுகள் போய்ச் சிறு நாடுகள் வந்திருந்தன. இப்படிப்பட்ட உடன்படிக்கை மூன்று வல்லரசுகள் தொடர்ந்து கூடி நின்று காவல் காத்தால்தான் நிலைக்கும். அப்படிக் கூடி நிற்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு சமரசமும் எழுதப்பட்டது.

அமெரிக்கா ஏன் விலகியது?

செனட்டில் ஹென்றி கேபட் லாட்ஜ் தலைமையில் குடியரசுக் கட்சியினர் திருத்தங்கள் கேட்டார்கள். மற்ற நாடுகளுக்காகப் போருக்குப் போவதா இல்லையா என்பதை அமெரிக்க நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்பது அவற்றில் தலையாயது. வில்சன் நாடு முழுவதும் பயணம் செய்து பேசினார், செப்டம்பர் இறுதியில் சுருண்டு விழுந்தார், அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கியது. படுக்கையிலிருந்தபடியே, திருத்தங்களோடு வந்தால் எதிர்த்து வாக்களியுங்கள் என்று தன் கட்சியினரிடம் சொன்னார். 1920 மார்ச் 19 அன்று 49 பேர் ஆதரித்தும் 35 பேர் எதிர்த்ததால் மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. பாரிஸில் கிளெமென்சோவிடம் அத்தனை விட்டுக்கொடுத்தவர் வாஷிங்டனில் லாட்ஜிடம் சிறிது விட்டுக்கொடுத்திருந்தால் உடன்படிக்கை பிழைத்திருக்கும் என்பதை ஆற்றாமையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

தனித்து விடப்பட்ட பிரான்ஸ் 1923 ஜனவரியில், இழப்பீட்டுப் பொருள்கள் வந்து சேரவில்லை என்று பெல்ஜியத்தோடு சேர்ந்து ஜெர்மனியின் தொழில்வளம் மிக்க ரூர் பகுதிக்குள் படையை அனுப்பியது. பிரிட்டன் ஒதுங்கி நின்றது. ரைன்லாந்திலிருந்து கடைசி நேச நாட்டுப் படை 1930-ல் ஐந்தாண்டு முன்னதாகவே வெளியேறியது. 1936 மார்ச் 7 அன்று ஹிட்லரின் படை அங்கே நுழைந்தபோது யாரும் தடுக்கவில்லை.

ஹிட்லருக்கு இதுவே நேரடிக் காரணமா?

இல்லை. 1928 தேர்தலில் அவரது கட்சிக்கு 3 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளே கிடைத்தன. 1929-ல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் நடுவில் இல்லாமல் 1933-ஐ விளக்க முடியாது. இழப்பீடும் 1932-ல் லோசான் மாநாட்டில் ஏறக்குறைய ரத்தாகிவிட்டது.

1945-ல் வென்றவர்கள் வேறுவிதமாகச் செய்தார்களா?

பல விஷயங்களில் ஆம். நிபந்தனையற்ற சரணாகதி என்று 1943 ஜனவரியிலேயே காசபிளாங்காவில் அறிவித்தார்கள். முன்கூட்டிக் கொடுத்த வாக்கை வைத்து வாதாட இடமில்லாமல் போயிற்று. ஜெர்மனி முழுவதையும் படைகள் பிடித்துக்கொண்டன. கூட்டாளிகளின் கருத்து மோதல் இம்முறை இன்னும் ஆழமானது. அதன் விளைவாக ஜெர்மனியே இரண்டாகப் பிரிந்தது. அதைப் பற்றிய இறுதி ஒப்பந்தம் 1990 செப்டம்பர் 12 வரை கையெழுத்தாகவில்லை.

கிளெமென்சோ ரைன் நதியை விட்டுக்கொடுத்து வாங்க நினைத்தது மட்டும் இம்முறை கிடைத்தது. 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான வட அட்லான்டிக் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, ஒரு உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை எல்லோர் மீதான தாக்குதலாகக் கொள்ளும் என்றது. பிரான்ஸ் அதில் கையெழுத்திட்டது, பிரிட்டனும் அமெரிக்காவும் கையெழுத்திட்டன. ஜூலை மாதம் அமெரிக்க செனட் அதை ஏற்றுக்கொண்டது.